இல்லாதவரின் நாடி

“செத்தவருக்கு நாடி துடிக்குதுன்னு அலாரம் அடிக்குது. உங்க டேட்டாபேஸ் இத எப்படிம்மா உள்ள விட்டுச்சு?”

மருத்துவமனை மேலாளரின் குரலில் எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

மென்பொருள் பொறியாளர் திரையைப் பார்த்தாள். நோயாளிகளின் நாடியை அளக்கும் கைப்பட்டைகள் அனுப்பும் எக்ஸ்எம்எல் வடிவப் பதிவுகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நாலாம் வார்டுப் பெரியவர் காலையிலேயே இறந்துவிட்டார். அவருடைய எண்ணில் இப்போதும் ஒரு நாடி: நூற்றுப் பதினெட்டு.

“ஸ்கீமாங்கிற விதித்தொகுப்பு, பதிவோட அமைப்ப மட்டும்தான் சார் சரிபார்க்கும். நாடின்னு போட்ட இடத்துல ஒரு எண் இருந்தாப் போதும், விட்டுடும். அந்த ஆள் உயிரோட இருக்காரான்னு நோயாளிகள் அட்டவணையப் போய்ப் பாக்க அதுக்குத் தெரியாது.”

செவிலியர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். “பிணவறைக்கே போய்ப் பாத்துட்டேன் சார். உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. கையில பட்டையும் இல்ல.”

“வேற யாருக்காவது மாத்திக் கட்டிட்டீங்களாக்கா?”

“இல்லம்மா. வார்டு முழுக்கப் பாத்தாச்சு. அவங்கவங்க கையில அவங்கவங்க பட்டைதான் இருக்கு.”

மூவரும் திரையைப் பார்த்தார்கள். நூற்று முப்பது. பிறகு தொண்ணூறு. அறுபது. யாரோ நிதானமாகப் படியிறங்கிப் போவதுபோல எண் இறங்கியது. வராந்தாவில் அலாரம் மறுபடி அலறியது.

“அப்ப இது யாரோட நாடி சார்?” என்றார் செவிலியர்.

“மெஷின் கோளாறு, வேறென்ன. மத்த நோயாளிங்க மிரண்டு போயிருக்காங்க. முதல்ல இத நிறுத்துங்க.”

“பட்டை கிடைக்கிற வரைக்கும் பொறுக்கலாமே சார்.”

“நிறுத்துங்கம்மா.”

அரை மனதோடு அவள் ஒரு விதியை எழுதிச் சேர்த்தாள். அட்டவணையில் இறந்தவர் என்று இருந்தால், அவர் பெயரில் வரும் எந்தப் பதிவையும் டேட்டாபேஸ் இனி ஏற்காது. கடைசியாக வந்த எண் நாற்பத்தொன்று. அதன்பின் ஒன்றுமில்லை. அலாரம் அடங்கியது.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். “அப்பாடா. இப்பதான் எனக்கு மூச்சே வருது.”

கொஞ்ச நேரத்தில் மேசைத் தொலைபேசி ஒலித்தது. எடுத்துக் கேட்ட செவிலியரின் முகம் வெளுத்தது.

“அந்தப் பெரியவரோட சம்சாரம் சார். கீழ பெஞ்சுல உக்காந்தபடியே போயிட்டாங்களாம். பக்கத்துல இருந்தவங்க தூங்குறாங்கன்னு நெனச்சுட்டாங்களாம்.” அவர் தொலைபேசியை வைத்தார். “புருஷன் கையில இருந்த பட்டையக் கழட்டித் தன் கையில கட்டியிருந்தாங்களாம்.”