கோடு போட்ட சட்டை

"பாவம் டீச்சர் அந்த ஆளு! ஒருத்தர் தலையிலயே மொத்தப் பழியையும் போட்டா எப்படி?"

"பாவம்னு சொல்றதெல்லாம் சரித்திரம் இல்லப்பா. ஆதாரம் இருந்தா பேசு, இல்லேன்னா மைக்கை ஆஃப் பண்ணு" என்றார் டீச்சர்.

திரையில் முப்பது சதுரங்கள், முப்பது மாணவர்கள். ஆன்லைன் வரலாற்று வகுப்பில் வருஷா வருஷம் நடக்கிற விவாதம்தான் இது. பனி கொட்டிய ஒரு விடியற்காலையில் பாலம் உடைந்து, ரயில் ஆற்றில் விழுந்து, அறுபது பேர் செத்தார்கள். 'பாலத்துக் காவலாளி தூங்கிவிட்டான், ரயிலை நிறுத்த விளக்குக் காட்டவில்லை' என்கிறது பாடப்புத்தகம். அவன் குற்றவாளியா, இல்லையா? அவனுக்குப் பரிந்து பேசுகிறவர்களை டீச்சர் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்.

அப்போது 'மியூட்' கை தூக்கினாள். வருஷம் முழுக்க வாயே திறக்காததால் வகுப்பு அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது.

"அடடே, மியூட் பேசப்போகுதுடா!" என்றான் ஒரு வாயாடி.

"டீச்சர், புத்தகத்துல இருக்கிற விபத்து போட்டோ தபால்தலை சைஸு. பழைய பேப்பர்லேர்ந்து பெருசா தேடி எடுத்தேன். இதோ, போலீஸ் பிடிச்சிட்டு நிக்கிறவர்தான் காவலாளி. கோடு போட்ட சட்டை. அதுல வலது கைத் துணியை மட்டும் காணோம்."

"போலீஸ் இழுத்ததுல கிழிஞ்சிருக்கும்" என்றார் டீச்சர்.

"அப்போ தண்டவாளத்துகிட்ட கிடக்கிற இந்தக் குச்சி? நுனியில பாதி எரிஞ்ச துணி. அதே கோடு!"

"யம்மாடி!" என்றது ஒரு சதுரம். "விளக்கு அணைஞ்சிருக்கும், சட்டையைக் கிழிச்சு, கொளுத்தி ஆட்டியிருக்காரு! பனியில டிரைவருக்குத் தெரியலை!"

டீச்சர் விடவில்லை. "வேற யாராவது ஆட்டியிருந்தா?"

"அவர் உள்ளங்கையைப் பாருங்க டீச்சர். வெந்து கொப்பளிச்சிருக்கு. தூங்கினவருக்கு எப்படிக் கை வேகும்?"

டீச்சர் திரைக்கு அருகே குனிந்து அந்தக் கையைப் பார்த்தார்.

"புத்தகம் எழுதினவங்க கண்ணுல படாதது உன் கண்ணுல பட்டிருக்கே, தாயி!" என்றவர், சட்டென்று கேமராவை அணைத்தார்.

"டீச்சர், நெட் போச்சா?"

டீச்சர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினார். கட்டிலில் இருந்த கிழவரின் வலது கையை எடுத்து, வெந்து சுருங்கிப்போயிருந்த அந்த உள்ளங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நான் சொன்னா, பெத்த பொண்ணு பேச்சுன்னு தள்ளிடுவாங்க. இன்னிக்கு ஊரார் பிள்ளைங்க சொல்லிட்டாங்க... நீங்க தூங்கலைப்பா!"