கடுவனின் மீசைச் சாயம்

வீட்டுக்காரர் மிச்சம் வைத்திருந்த தலைச்சாயக் கிண்ணத்தில், மீசை நரைத்த கடுவன் பூனை ஆசையாக முகத்தை முக்கிவிட்டது. மீசையோடு மூக்கும் கன்னமும் கரியாகிப் போயின. வீட்டம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. திருட்டுப் பூனை என்று துடைப்பத்தால் விரட்டினாள்.

அன்று பாலும் இல்லை. பூனை நேராகச் சுண்டெலியின் வளைக்கு வந்தது.

"மருமகளே, வெளியே வந்து இந்தச் சாயத்தைக் கொஞ்சம் எடுத்துவிடேன். எனக்கு என் முகம் தெரியல."

"நரையை மறைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். வெளியே எடுத்துக் காட்டணும்னு நிக்கிறவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றது எலி, உள்ளேயிருந்தே.

"பாலுக்காகத்தான் தாயி."

எலி அசையவில்லை. சாமி விளக்கிலிருந்து திருடி வைத்திருந்த எண்ணெய்த் திரியை மட்டும் வெளியே தள்ளியது.

"நீங்களே தேய்ச்சு, சாக்குல துடைச்சுக்குங்க மாமா."

பூனை தேய்த்துத் தேய்த்துத் துடைத்தது. சாயம் சாக்கோடு போய், வெள்ளை மயிர்கள் எட்டிப் பார்த்தன.

"பார்த்தியா, நான் வெறும் கிழவன். பல்லெல்லாம் எப்பவோ கொட்டிப்போச்சு. கன்னத்துல கொஞ்சம் ஒட்டியிருக்கு, அதை மட்டும் வந்து துடைச்சு விடு."

எலி வளை வாசலில் மூக்கை நீட்டி, அந்த நரையை வெகுநேரம் பார்த்தது.

"நரை உண்மைதான் மாமா. இவ்வளவு நரைக்கிற வரைக்கும் எதைத் தின்னு உயிரோட இருந்தீங்க?"

"பால்" என்று சொல்லப் பூனை வாயைத் திறந்தது. அத்தனை பல்லும் வெள்ளைவெளேரென்று இருந்தது.