குகதாசனின் அறிமுக அட்டை

தன்னை உலகுக்கு அறிமுகம் செய்யாத மனிதன் வாழ்ந்ததற்குச் சாட்சியே இல்லை. இப்படிச் சொல்லித்தான் குகதாசன் வங்கி வேலையை விட்டுத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஆனார். மாதக்கணக்காகியும் ஒருவரும் அவரைப் பேசக் கூப்பிடவில்லை.

"டிக்டொக்கில ஆடவேணும். லிங்க்ட்இன்னில எங்கடை சனம் இல்லை. ஃபேஸ்புக்கில சண்டை பிடிக்கவே நேரம் காணாது," என்றான் அயல்வீட்டு ஜெயதீபன். "சொந்தக்காரரின்ரை வாட்ஸ்அப் குரூப்தான் அண்ணை சரி. கனடா வரைக்கும் போகும்."

அன்று மத்தியானமே குகதாசன் தன் படத்தோடு ஓர் அறிமுக அட்டை செய்து குரூப்பில் போட்டார். பின்னேரத்துக்குள் அது எல்லாக் குரூப்புகளையும் சுற்றிவிட்டது. ஆனால் அவருடைய போன் அடிக்கவில்லை. கோயிலுக்குப் போன மனைவி உதயகலா மறந்து விட்டுச் சென்ற போன்தான் ஓயாமல் அடித்தது.

"பாரடா ஜெயதீபன், அட்டையில கிடக்கிறது என்ரை நம்பர். எடுக்கிறது இவளுக்கு! நான் என்ன இவளின்ரை எடுபிடியோ?"

"கத்தாமல் எடுத்துக் கதையுங்கோ அண்ணை."

எடுத்தார். கனடாவிலிருந்து மாமி.

"பிள்ளை உதயா, மனசைத் தேத்திக்கொள் மோனை. செத்தவீடு எப்ப?"

"ஆரின்ரை செத்தவீடு மாமி? நான் குகன் கதைக்கிறன்."

மாமி அலறினார். தொடர்பு அறுந்தது.

ஜெயதீபன் அப்போதுதான் அட்டையைத் திறந்து பார்த்தான். கறுப்பு வெள்ளைப் படம். கீழே, குகதாசன் தானே யோசித்து எழுதிய முதல் வரி: "இணுவிலைப் பிறப்பிடமாகவும் உரும்பிராயை வதிவிடமாகவும் கொண்ட..."

யாழ்ப்பாணத்தில் மரண அறிவித்தல்தான் அப்படித் தொடங்கும். அதற்குக் கீழே ஒருவரும் வாசிக்கவில்லை.