ஹேண்டில்பார் யார் கையில்?

தம்பி உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷெட்டில் அவனுடைய பெரிய டூரிங் பைக் முன் சக்கரம் இல்லாமல் நின்றது. அவன் ஓரமாக ஒரு ஸ்டூலில். அவன் மனைவி தரையில் சம்மணம் போட்டு, முழங்கை வரை எண்ணெயோடு.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் ஓட்டிய வண்டி அது. போன மழையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. உள்ளே தகடு வைத்துச் சேர்த்தார்கள். இனி தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதை நம்பி ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். சின்னக் குழியில் இறங்கினாலும் அடி நேராக மணிக்கட்டில் போய் இடித்தது. திரும்பி வந்தவன் வண்டியை விற்றுவிடலாம் என்றான்.

விற்க வேண்டாம், எனக்கு வேண்டும் என்று சாவியை எடுத்துக்கொண்டாள் மனைவி.

அன்றிலிருந்து அவள் முன்னால், அவன் பின்னால். மலை மலையாக ஏறி இறங்கியவன் மூட்டை மாதிரி பின் சீட்டில் போவதை அக்காவால் சகிக்க முடியவில்லை.

"இத்தனை வருஷம் நல்லாத்தானே ஓடிச்சு? இப்ப எதுக்கு முன்பக்கத்தைப் பிரிச்சுப் போட்டிருக்கே?"

"ஃபோர்க் ஆயில் மாத்தறேன் அண்ணி. முன் சக்கரத்தைத் தாங்கற ரெண்டு குழாய்க்குள்ள இருக்கற எண்ணெய் ரொம்பக் கெட்டி. கொஞ்சம் மெல்லிசா ஊத்தினா குழியில சட்டுனு அமுங்கிக் கொடுக்கும். அடி கைக்கு ஏறாது."

அதானே, மகாராணி கை நோகலாமா என்று அக்கா மனசுக்குள் முணுமுணுத்தாள்.

தம்பி மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசிக்குழலால் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி, இரண்டு குழாயிலும் மட்டம் ஒன்றுபோல வரும்வரை விடவில்லை. சக்கரத்தை மாட்டினாள். அப்புறம் ஆரம்பித்தது கூத்து.

வண்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தம்பியை ஏறி உட்காரச் சொன்னாள். ஸ்கேலை வைத்து அளந்தாள். இறங்கச் சொன்னாள். ஃபோர்க் தலையில் இருந்த திருகைத் திருகினாள். மறுபடி ஏறச் சொன்னாள். ஏறினான், இறங்கினான்.

இது ஒரு நாளோடு முடியவில்லை. ஊற்றிய ஆயில் அளவுக்கு மீறி மெல்லிசாகிப் போய், பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைத் தரையில் வைக்கப் பார்த்தது. அதை வடித்து, கொஞ்சம் கெட்டி ஆயிலைக் கலந்து ஊற்றினாள். தெருமுனை வரை போனாள், வந்தாள், பிரித்தாள். அக்கா எப்போது வந்தாலும் தம்பி ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோதான் இருந்தான். பெண்டாட்டி சொல்லுக்கு ஆடுகிறவனைப் பார்த்திருக்கிறேன், வண்டியேறி ஆடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பொருமினாள்.

லீவு வந்தது. மலைமேல் இரண்டு நாள் தங்கலாம் என்று கிளம்பினார்கள். அக்காவும் வீட்டுக்காரரும் காரில், தம்பியும் மனைவியும் பைக்கில்.

அடிவாரம் வரை கண்ணாடி மாதிரி ரோடு. அதற்கு மேல் ஜல்லி பெயர்ந்து, குழியும் மேடுமாக வளைந்து ஏறியது. அங்கே தம்பி மனைவி வண்டியை ஓரம் கட்டி இறங்கினாள்.

"இதுக்கு மேல எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஓட்டுங்க."

பக்கத்தில் வந்து நின்ற காருக்குள் இருந்த அக்காவுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல இருந்தது. நல்ல ரோட்டுக்கு இவள், பாழாய்ப்போன ரோட்டுக்குக் கை ஒடிந்தவனா?

தம்பி ரோட்டைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஏறினான். அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

முதல் குழி வந்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது வண்டி குழியைத் தாண்டியிருந்தது. அடுத்ததற்குத் தயங்கித் தயங்கிப் போனான். அதற்கடுத்ததற்குத் தயங்கவில்லை. கீழே சக்கரம் துள்ளித் துள்ளி விழுந்தது. மேலே ஹேண்டில்பார் தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல அமைதியாகப் போனது. வளைவுக்கு வளைவு அவன் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது.

"உன் தம்பியைப் பிடிக்க இந்தக் கார் பத்தாது" என்றார் வீட்டுக்காரர்.

உச்சியில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் சிரிப்பு. மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினான்.

"அக்கா, வலிக்கவே இல்ல."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கோபம் தணியவில்லை. தம்பி மனைவியைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ பயந்துக்கிட்டு அவன் தலையில கட்டிட்டியே, ஏதாவது ஆகியிருந்தா? இறங்கறப்பவாவது நீ ஓட்டு."

"என்னால முடியாது அண்ணி." அவள் தோளைத் தேய்த்துக்கொண்டே தழைந்த குரலில் சொன்னாள். "ஸ்பிரிங், ஆயில் எல்லாமே அவரை உட்கார வெச்சு, அவர் எடைக்குன்னே அளந்து வெச்சது. என் எடைக்கு அது அமுங்கவே அமுங்காது. இத்தனை நாளும் ஒவ்வொரு குழியும் என் தோள்லதான் இறங்குச்சு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். அங்கே தம்பி ரேடியேட்டர்மேல் படிந்த புழுதியைத் தட்டிக்கொண்டு, நாளைக்கு எதிர்ச்சரிவிலும் போய்ப் பார்க்கலாமா என்று அக்காவின் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப... அடிவாரத்துல பயமா இருக்குன்னியே?"

"பயம் அவருக்குத்தான் அண்ணி. சொல்லிடாதீங்க, எனக்குன்னே இருக்கட்டும்."