பின்லாந்துக்கு யார் போறது?

"பின்லாந்துக்கு அவளை அனுப்பறாங்களாம். அவளை!"

காரை விட்டு இறங்கும்போதே ஷ்யாமளா ஆரம்பிச்சுட்டா. கையில புளியோதரை ட்ரே.

"ஃப்ரீவே முழுக்க இதையேதான் சொன்னே," ன்னான் அவ புருஷன் கஸ்தூரிரங்கன். "உள்ள போய் கொஞ்சம் சிரிச்ச முகமா இரு. வழியனுப்ப வந்திருக்கோம்."

"சிரிப்பேன். பல்லு தெரியும். அவ்வளவுதான்."

ஹூஸ்டனை ஒட்டின கேட்டிங்கற ஊர்ல நிருஜா வீடு அது. ஷ்யாமளாவும் நிருஜாவும் ஹூஸ்டன்ல ஒரே மைனிங் கம்பெனி. இவ வரி செக்‌ஷன், அவ சுற்றுச்சூழல் செக்‌ஷன். பின்லாந்துல ஒரு சுரங்கம் தோண்ட கம்பெனி பர்மிட்டுக்குக் காத்திருக்கு. அங்க தோண்டி எடுக்கற தாதுவுக்குத் தனி வரி உண்டு. அதுல பெரிய பங்கு அந்த ஊருக்கே போகும். ஷ்யாமளாவுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். கஸ்தூரிரங்கனுக்கும் பாதி பாடம். சாப்பாட்டு மேசையில ரசம் இருக்கோ இல்லையோ, பின்லாந்து வரி இருக்கும்.

ஆபீஸ்ல ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு வேற. ஷ்யாமளா இருக்கறது விசாவுல. க்ரீன் கார்டு வரிசையில நின்னு நின்னு தலை நரைச்சதுதான் மிச்சம். வேலை போச்சுன்னா ரெண்டு மாசத்துல மூட்டை கட்டணும். பின்லாந்து போயிட்டு வந்துட்டா தன் மேல யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு மலை மாதிரி நம்பிட்டிருந்தா. அங்கதான் நிருஜா வந்து குறுக்க பூந்துட்டா.

உள்ள போனா, சோபா மேல ஒரு புது கோட். முழங்கால் வரைக்கும், கழுத்துல பஞ்சு பஞ்சா.

ஹூஸ்டன் வெயில்ல கோட்டு எதுக்கு? முன்னாடி இதே ஊர்ல இருக்கற வசந்தாமணி ஆன்ட்டி, மினசோட்டாவுல இருக்கற பொண்ணைப் பாக்கப் போறேன்னு இதே மாதிரி ஒண்ணு வாங்கினாங்க. மாப்பிள்ளை கூட சண்டை, போகலை. கோட்டை கராஜ்ல தொங்க விட்டாங்க. அதுக்குள்ள அணில் குடும்பம் நடத்தி, குட்டி போட்டு, அதுங்களைத் துரத்த ஆள் வந்து... அது இருக்கட்டும், பெரிய கதை.

யாரும் பாக்கலைன்னு ஷ்யாமளா அந்தக் கோட்டுக்குள்ள ஒரு கையை விட்டுப் பாத்தா. அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்தது. வயிறு எரிஞ்சது.

"வடிவாப் போட்டுப் பாருங்கோ அக்கா," ன்னு பின்னாலேர்ந்து குரல். நிருஜா புருஷன் இளங்குமரன்.

வெடுக்குன்னு கையை உருவினா. "இல்ல... துணி நல்லா இருக்கேன்னு. நிருஜாவுக்கென்ன, கொடுத்து வச்சவ. ஊர் சுத்தலாம், வானத்துல பச்சை வெளிச்சம் பாக்கலாம்..."

இளங்குமரன் பக்கத்துல வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஊர் பாக்கவோ? இவ மன்னிப்புக் கேக்கப் போறா அக்கா. மேலிடத்துக்கு மட்டும்தான் தெரியும், ஒபிஸில சொல்லிப்போடாதேங்கோ."

"மன்னிப்பா? எதுக்கு?"

"அங்க ரெயின்டீர் மான் வளர்க்கிற ஆக்கள் இருக்கினம். சுரங்கம் தோண்ட முதல் அவையோட கதைச்சு முடிக்கவேணும், சட்டம் அப்பிடி. போன மாசம் வீடியோ கால்ல இவ ஒரு கிழவரிட்ட, உங்களிட்ட எத்தினை மான் நிக்குது எண்டு கேட்டுட்டாவாம். அங்க அது, பாங்கில எவ்வளவு வச்சிருக்கிறாய் எண்டு கேக்கிற மாதிரியாம். மனுசன் எழும்பிப் போயிட்டார். இப்ப ஒருத்தரும் கதைக்க மாட்டினமாம்."

அந்த வீடியோ கால்ல ஷ்யாமளாவும் நிருஜா பக்கத்துல உக்காந்திருந்தா.

அந்தக் கிழவர் ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு எழுந்து போனது அவளுக்கு நல்லா ஞாபகம். காபி எடுக்கப் போறார்னுதான் அன்னிக்கு நினைச்சா.

"அப்போ நிருஜா வேலை?"

"போய் வந்தாப்பிறகுதான் தெரியும். ஆளைக் குறைக்கேக்க முதல் பேர் இவவின்ரதான் எண்டு சொல்லிப் போட்டினம். இவ என்னெண்டால் சிரிச்சுக்கொண்டு திரியிறா."

ஷ்யாமளா நேரா சமையலறைக்குப் போனா. நிருஜா சிங்க்ல கத்தரிக்காய் கழுவிட்டிருந்தா.

"வாங்கோ அக்கா! புளியோதரை கொண்டு வந்தனீங்களோ?"

"அதை விடு. அன்னிக்கு எத்தனை மான்னு அந்தப் பெரியவரைக் கேட்டது நான்."

நிருஜா வாசப்பக்கம் ஒரு பார்வை பாத்தா. "மெல்லக் கதையுங்கோ. அவருக்கும் தெரியாது."

"மானுக்குக் கொடுக்கற நஷ்ட ஈட்டுக்கு வரிக் கணக்கு போடணுமேன்னு நான்தானே கேட்டேன்! நீ எதுக்கு உன் தலையில போட்டுக்கிட்டே?"

"எங்கட ரூம் கேமரா பழுது. உள்ள இருந்தது நாங்க ரெண்டு பேர்தான். கேட்டது ஆர் எண்டு மேலிடத்தில கேட்டினம்."

"அதுக்கு?"

நிருஜா குழாயை மூடினா.

"நான் சிட்டிசன் அக்கா. எனக்கெண்டால் வேலை மட்டும்தானே போகும்."