நாற்பது பேரின் பார்வை

அண்ணன் செழியன் கழித்துப்போட்ட பொம்மைகளை வைத்தே, மேசையில் படைகளை நிறுத்திப் பகடை உருட்டும் மேசைப்போர் ஆடி, யாமினி இதுவரை அவனிடம் தோற்றிருக்கிறாள். இது அவளுடைய சொந்தப் படை. கட்டைவிரல் உயரத்தில் நாற்பது பூதவீரர்கள். கொம்புகளை அறுத்தாள், ஈட்டிகளைப் பிடுங்கிக் கோடரிகளை ஒட்டினாள். மூன்று மாதம் வண்ணம் பூசி, கடைசியில் ஒற்றை மயிர்த் தூரிகையால் கண்மணிகளை வைத்தாள்.

மேசையில் நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, கண்மணி வைக்கையில் கை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் இழுத்திருக்கிறது. நாற்பது பேரும் எதிரியை விட்டுவிட்டு இடப்பக்கம் பார்த்தார்கள்.

செழியன் குனிந்தான். “என்னடி, ஒருத்தனுக்கும் என் மூஞ்சியப் பாக்க தைரியம் இல்லையா? பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறானுங்க.”

அவள் ஒவ்வொருவனாக எடுத்து, கண்கள் அண்ணனுக்கு நேராக வரும்படி உடம்பை வலப்பக்கம் திருப்பி வைத்தாள்.

“லூசு, இப்பிடி நிறுத்துனா விலா எனக்குத் தொறந்து கெடக்கும். விலாவுல பட்டா ஒரே அடியில அவுட்டு. ரெண்டு நிமிசம் தாங்க மாட்ட.”

“தெரியும்ணா. நீ பகடையப் போடு.”

நாற்பது பேரும் இப்போது அவனையே பார்த்தார்கள். செழியன் பகடையைக் கைக்குள் உருட்டினான். நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். மறுபடி எழுந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டான்.