விளக்கை நோக்கி வந்த கண்ணாடி

தள்ள வேண்டிய வெளிச்சம் இழுத்தது. காற்றை உறிஞ்சி எடுத்த குடுவைக்குள், மெல்லிய இழையில் தொங்கிய குச்சியின் முனையில் ஒரு சிறு முகக்கண்ணாடி இருந்தது. விளக்கைப் போட்டதும் அது விலகிப் போகாமல் விளக்கை நோக்கியே வந்தது. "உங்க வெளிச்சம் தள்ளலை மேடம், வா வான்னு கூப்பிடுது," என்றான் பக்கத்து ஆய்வுக்கூடத்துச் செபஸ்தியான். காற்றை உறிஞ்சும் பம்பு அவனுடையது, சாயங்காலம் திருப்பித் தந்தாக வேண்டும். அதற்குள் ஒளியின் தள்ளலை அளக்காவிட்டால் தமயந்தியின் ஆய்வு அதோடு முடிந்தது. ரசம் பூசிய முதுகு விளக்கைப் பார்க்கும்படி கண்ணாடியைத் திருப்பி மாட்டி, காற்றைப் பழைய அளவுக்கே உறிஞ்சினாள். இம்முறை அது அடி வாங்கியதுபோல் விலகி ஓடியது. "தள்ளிடுச்சில்ல? எழுதிக்கிட்டு பம்பைக் குடுங்க!" "வெளிச்சத்துக்கு இவ்வளவு பலம் ஏது, செபா? கூட யாரோ நின்னு தள்ளுறாங்க." கையை விளக்கின் எதிரே நீட்டிப் பார்த்தாள், சுட்டது. அப்படியானால், வெளிச்சம் ஊடுருவிப் போகும் கண்ணாடிப் பக்கத்தைவிட ரசப் பக்கம் அதிகம் சூடாகும். குடுவையில் மிச்சமிருக்கும் துளிக் காற்று சூடான பக்கத்திலிருந்து கண்ணாடியை உதைக்கும். ரசம் பின்னால் இருந்தால் விளக்கை நோக்கி உதைக்கும், முன்னால் இருந்தால் விளக்கைவிட்டு அப்பால். ஒளி மட்டும் கட்சி மாறாது. எப்படி மாட்டினாலும் அப்பால்தான் தள்ளும். "பம்பை எடுத்துட்டுப் போ," என்றாள். கண்ணாடி விலகி ஓடிய அளவிலிருந்து நெருங்கி வந்த அளவைக் கழித்து, மீதியில் ஒளியின் தள்ளல் இரண்டு தடவை சேர்ந்திருந்ததால் அதைப் பாதியாக்கினாள். காற்றின் உதை இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, ஒளியின் தள்ளல் மட்டும் நின்றது.